படிப்பும் ஒரு கோரிக்கை

(ஆலைகளில் கிளைச் சங்கம் நடத்துகிறவர்களுக்கு)

மேட்டூரில் ஏதாவது ஒரு கிளைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் படித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, போனஸ், கேண்டீன் சாப்பாடு, ஷூ, சீருடை, கை கழுவும் சோப்பு வரைக்கும் அதில் இருக்கும். தொழிலாளி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வருடத்துக்கு இத்தனை மணி நேரம், அந்த நேரத்துக்கு முழுச் சம்பளம், முடித்ததும் கையில் ஒரு சான்றிதழ் என்று ஒரு வரி இருக்காது. எனக்குப் பார்க்கக் கிடைத்த பட்டியல்களில் அப்படித்தான். பயிற்சி என்பது நிர்வாகம் கொடுத்தால் வாங்கிக்கொள்வது, கொடுக்காவிட்டால் விட்டுவிடுவது என்று நாமே பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இந்த அத்தியாயம். படிப்பைச் சம்பளத்தோடு ஒரே மேஜையில் வைத்துப் பேசுங்கள், ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், ஒப்பந்தத் தொழிலாளியிடமிருந்து தொடங்குங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படிச் செய்வது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஊருக்கு ஏன் அவசரம்

1934இல் அணை கட்டி முடிந்தது. அணையோடு மின்சாரம் வந்தது, மின்சாரத்தைத் தேடி ஆலைகள் வந்தன. 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் இங்கே வேர்விட்டது. 1965இல் மால்கோ அலுமினியம் உருக்கத் தொடங்கியது. ஏற்காட்டு மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் லாரி லாரியாக இறங்கியது. 1987 முதல் அனல் மின் நிலையம். முதலில் 210 மெகாவாட் வீதம் நான்கு அலகுகள், பின்னர் 600 மெகாவாட்டில் இன்னொன்று. பொட்டனேரியில் உருக்காலை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஒரு தொழிலாளி தெரியாமல் தொட்டால் உயிர் போகிற இடங்கள் இவை. இன்னொன்றும் உண்டு. மின்சாரத்தின் விலையும் தொழில்நுட்பமும் மாறினால் ஆலையே நின்றுபோகும். 2008 கடைசியில் மால்கோவின் உருக்காலை நின்றது. இருபது, இருபத்தைந்து வருடம் உருக்குப் பானையருகே வெந்த ஒரு மனிதர் வெளியே வந்து வேலை கேட்கும்போது, தன் கைக்கு என்னென்ன வேலை தெரியும் என்பதைக் காட்ட என்ன தாள் வைத்திருப்பார்? ஆலையின் அடையாள அட்டையும் கடைசி மாதச் சம்பளச் சீட்டும்தான். வேலை தெரிந்தும் தாள் இல்லாமல் நிற்பது ஒரு தலைமுறைக்கு நேர்ந்த அநியாயம். அனல் மின் நிலையங்களின் எதிர்காலத்தைப் பற்றி நாடெங்கும் பேச்சு நடக்கிற இந்தக் காலத்தில் அதை இரண்டாவது முறை நடக்க விடக்கூடாது.

2024 டிசம்பர் 19 அன்று மேட்டூர் அனல் மின் நிலையத்தின் 840 மெகாவாட் பிரிவில் நிலக்கரி பங்கர் சரிந்தது. இருவர் இறந்தார்கள். இருவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரும்பு துருப்பிடித்து இறங்குவதைப் பாடம் நடத்தித் தடுக்க முடியாது. அது பராமரிப்பின் பொறுப்பு, அந்தப் பொறுப்பை நிர்வாகத்தின் தோளிலிருந்து ஒரு அங்குலம்கூட நாம் நகர்த்தக் கூடாது. ஆனால் தலைக்கு மேல் இருக்கும் தகடு எப்போது ஆய்வு செய்யப்பட்டது என்று கேட்கிற அறிவும், பதில் வராதபோது கீழே நிற்க மறுக்கிற துணிவும் படிப்பால் வருபவை. காண்ட்ராக்டரின் ஆள் என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறவருக்குத்தான் சங்கம் முதலில் வகுப்பு நடத்த வேண்டும்.

நேரம், கூலி, தாள்

நிர்வாகமும் பயிற்சி கொடுக்கிறது என்பீர்கள். ஆமாம், கொடுக்கிறது. ஷிப்ட் தொடங்குமுன் பத்து நிமிட டூல்பாக்ஸ் பேச்சு, வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரத்தில் உறுதிமொழி, புதிய இயந்திரம் வந்தால் அதை விற்ற கம்பெனிக்காரர் காட்டும் படக்காட்சி. அதில் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது ஆலைக்குத் தேவையான படிப்பு. தொழிலாளிக்குத் தேவையான படிப்பு அதைவிட அகலமானது: தன் வேலையின் ஆபத்து, தன் வேலைக்கான சட்டம், தன் சம்பளத்தின் கணக்கு, தன் கைத்திறனுக்கு வெளியுலகம் ஒப்புக்கொள்ளும் சான்று, பள்ளியில் விட்ட இடத்திலிருந்து மேலே போக ஒரு வழி. இதைச் சங்கத்தைத் தவிர வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

கேட்கும்போது மூன்றைச் சேர்த்தே கேளுங்கள். ஒன்று நேரம். வேலை நேரத்துக்குள், ஷிப்ட் மாற்றத்துக்குள் வகுப்பு நடக்க வேண்டும். சி ஷிப்ட் முடித்துக் காலை ஆறு மணிக்கு வெளியே வரும் ஆளை எட்டரைக்கு வகுப்பில் உட்கார வைத்தால் அவர் தூங்குவார். தூங்குவது அவர் தவறு இல்லை. இரண்டு கூலி. அந்த மணிகளுக்கு முழுச் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது இல்லாவிட்டால் வகுப்பே இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் படிக்க வரும் வசதி அவர் வீட்டில் கிடையாது. மூன்று தாள். படித்ததற்கு அரசு ஏற்கும் சான்று, அல்லது அந்தச் சான்றுக்கான தேர்வை எழுத வழி.

மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டை வாங்கிக்கொள்ளலாமா என்று பேச்சுவார்த்தையில் தோன்றும். நேரத்தையும் கூலியையும் வாங்கிவிட்டால் தாளைச் சங்கமே முயன்று பிறகு பெற்றுக்கொள்ளலாம். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு நேரத்தை விட்டால் யாரும் வர மாட்டார்கள். என் அனுபவத்தில் நேரம்தான் முதல்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்

1984இல் போபால் விஷவாயுக் கசிவு நடந்தது. அதன் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயத்தையே சேர்த்தார்கள். ஆபத்தான செய்முறைகள் நடக்கும் ஆலைகளின் பட்டியலில் மின் உற்பத்தி, இரும்பு, அலுமினியம் போன்ற உலோகங்கள், ரசாயனம் எல்லாம் இடம்பெற்றன. அதாவது மேட்டூரின் பெரிய ஆலைகள் அத்தனையும். அந்தத் திருத்தம் தொழிலாளிக்கு நான்கைக் கொடுத்தது. ஆபத்து என்ன என்று நிர்வாகம் சொல்லியாக வேண்டும். தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும். உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. நான்காவதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 111ஏ என்ற பிரிவு, உடல்நலம், பாதுகாப்பு குறித்த பயிற்சியை ஆலைக்குள்ளேயே பெறவும், அல்லது ஒப்புதல் பெற்ற பயிற்சி மையத்துக்கு நிர்வாகமே அனுப்பி வைக்கவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று சொன்னது. பயிற்சியை உரிமை என்ற சொல்லால் எழுதிய அந்த வரியைச் சங்கங்கள் எத்தனை முறை பயன்படுத்தின என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எல்லாம் அவற்றுக்குள் கரைந்தன. அந்தத் தொகுப்புகளை எதிர்த்துச் சங்கங்கள் தெருவில் இறங்கியதற்கு வலுவான காரணங்கள் உண்டு, எதிர்ப்பு தொடரட்டும். கையில் கிடைக்கிற கருவியையும் எடுத்துப் பயன்படுத்துங்கள். மூன்று வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 56ஆவது பிரிவு. ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால், அவர் செய்த வேலையின் விவரத்தோடு காண்ட்ராக்டர் அனுபவச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். கேட்டால் மட்டும்தான் கொடுப்பார். அதனால் கேட்கச் சொல்லிக் கொடுப்பது சங்கத்தின் வேலை. இரண்டாவது, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்ற விதி அதே தொகுப்பில் இருக்கிறது. மூன்றாவது, தொழிலுறவுத் தொகுப்பின் 83ஆவது பிரிவு. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பதினைந்து நாள் தொகையை நிர்வாகம் மறுபயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். பதினைந்து நாள் சம்பளத்தில் ஒரு புதிய தொழிலைக் கற்றுவிட முடியாது. ஆனால் மால்கோ நின்ற காலத்தில் மறுபயிற்சிக்கென்று அந்தப் பதினைந்து நாள்கூட எந்தச் சட்டத்திலும் இல்லை.

இன்னொன்று சங்கப் பொருளாளருக்கு. சங்கத்தின் பொது நிதியை உறுப்பினர்கள், அவர்களைச் சார்ந்தவர்களின் கல்விக்குச் செலவிடலாம் என்று 1926ஆம் ஆண்டின் சட்டமே 15ஆவது பிரிவில் சொல்லியிருந்தது. 'சந்தாப் பணத்தில் வகுப்பு நடத்தலாமா' என்று தயங்க வேண்டாம். நூறு வருடமாக அனுமதி இருக்கிறது.

ஒப்பந்தத்தில் எழுதும் வாசகம்

வாய்மொழி உறுதி வேண்டாம். கீழே உள்ள மாதிரியை உங்கள் ஆலைக்கு ஏற்ப மாற்றி, பட்டியலில் சேருங்கள்:

'ஆலையில் பணிபுரியும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரிவோர் உட்பட, ஆண்டுக்கு நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் முழு ஊதியத்துடன் கல்வி நேரம் வழங்கப்படும். இதில் பாதி நேரத்துக்கான பாடங்களைச் சங்கம் முடிவு செய்யும். சங்கம் பெயர் குறிப்பிடும் கல்விப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி பெறவும் வகுப்பு நடத்தவும் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. பயிற்சி பெற்ற விவரம் பணிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு அதன் நகல் தொழிலாளிக்கு வழங்கப்படும். வகுப்பில் கலந்துகொண்டதன் காரணமாக எவருடைய ஓவர்டைமும் ஷிப்ட் முறையும் பாதிக்கப்படாது.'

நாற்பது மணி அதிகம் என்று நிர்வாகம் சொல்லும். ஐந்து வேலை நாள்தான் அது. முதல் ஒப்பந்தத்தில் பதினாறு மணிக்கு இறங்கி வந்தாலும் பரவாயில்லை. 'ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரிவோர் உட்பட' என்ற சொற்களிலிருந்து மட்டும் இறங்காதீர்கள். அதை நீக்கச் சொல்லித்தான் முதலில் கேட்பார்கள். 'அவங்க எங்க ஆளே இல்லைங்க' என்பார்கள். ஆலையின் கேட்டுக்குள் நிகழும் விபத்துக்கு முதன்மை நிர்வாகம் பொறுப்பு என்றால், அந்த விபத்தைத் தடுக்கும் பாடத்துக்கும் அதே பொறுப்பு உண்டு என்று பதில் சொல்லுங்கள்.

கடைசி வாக்கியம் சின்னதாகத் தெரியும். அதை விட்டுவிட்ட ஓர் இடத்தில், வகுப்புக்கு வந்தவர்களுக்கு அடுத்த மாதம் ஓவர்டைம் வரவே இல்லை. வகுப்பு தானாகக் காலியாகிவிட்டது.

யார் நடத்துவது

வெளியூரிலிருந்து பேராசிரியர் வர வேண்டியதில்லை. 1958இல் மத்திய அரசு தொழிலாளர் கல்வி வாரியம் ஒன்றை நிறுவியது. இப்போது அதற்குத் தத்தோபந்த் தெங்கடி தேசியத் தொழிலாளர் கல்வி, மேம்பாட்டு வாரியம் என்று பெயர். அதன் பழைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. வாரியத்தின் கல்வி அதிகாரி தொழிலாளிகளில் சிலரைத் தேர்ந்து பயிற்சி தருவார். அவர்கள் 'தொழிலாளர் ஆசிரியர்' ஆகித் தம் ஆலைக்குத் திரும்பி, சக தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுப்பார்கள். ஆளை அனுப்புவது சங்கம், விடுவிப்பது நிர்வாகம், கற்பிப்பது வாரியம். சங்கத்தின் கடிதத்தாளில் மண்டல இயக்குநருக்கு எழுதினால் ஆலையிலேயோ சங்கக் கட்டடத்திலேயோ வகுப்பு நடத்த வருவார்கள்.

சட்டம் படிக்க விரும்பும் இளைஞர் கிளையில் இருந்தால் சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தின் வார இறுதிப் பட்டயப் படிப்புக்கு அனுப்புங்கள். தொழிலாளர் சட்டங்களும் நிர்வாகவியல் சட்டமும் அதில் பாடம். பஸ் செலவையும் கட்டணத்தையும் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். பதிலுக்கு அவர் கிளையில் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு பெற்ற பிட்டர், எலெக்ட்ரீஷியன், கெமிஸ்ட் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கருமலைக்கூடலிலும் ராமன் நகரிலும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெரியவரிடமும் முப்பது வருடப் பாடம் இருக்கிறது. போய்க் கூப்பிடுங்கள், மரியாதையாகக் கூப்பிட்டால் மறுக்க மாட்டார்கள்.

முதல் நான்கு வகுப்புகள்

தத்துவத்திலிருந்து தொடங்கும் பழக்கம் நம் சங்கங்களில் உண்டு. தத்துவம் வேண்டும், ஆனால் முதல் வகுப்பில் வேண்டாம். முதல் வகுப்பு சம்பளச் சீட்டு. எல்லோரும் தங்கள் சீட்டைக் கொண்டு வரட்டும். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் எதிலிருந்து பிடிக்கிறார்கள், இஎஸ்ஐக்கு தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் நிர்வாகத்திடம் 3.25 சதவீதமும் எப்படிக் கணக்காகிறது, கைபேசியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறப்பது எப்படி என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் தொகையை வைத்தே சொல்லுங்கள். அப்படியே பணிக்கொடைக் கணக்கு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய், பத்து வருட வேலை என்றால், 15,000ஐப் பதினைந்தால் பெருக்கி, 26ஆல் வகுத்து, பத்தால் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 86,538 ரூபாய். தன் பணத்தைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்தவர் இரண்டாவது வகுப்புக்குக் கண்டிப்பாக வருவார். வரும்போது பக்கத்து லைனிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இரண்டாவது வகுப்பு ஆபத்து. இதில் பொதுப்பேச்சு கூடாது. உங்கள் ஆலையின் ஆபத்து மட்டும். ரசாயன ஆலை என்றால் குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கசிந்தால் தாழ்வான பக்கம் ஓடக் கூடாது; காற்றுக்குக் குறுக்காகவும் காற்று வரும் திசை நோக்கியும் மேட்டுப் பக்கம் போக வேண்டும். காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாய் ஆலையில் எங்கெங்கே பறக்கிறது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வகுப்பு. அனல் மின் நிலையம் என்றால் கன்வேயரின் புல் கார்டு எங்கே, அதை இழுத்தால் என்ன நிற்கும், பங்கரில் கிடக்கும் நிலக்கரி தானே சூடேறி கார்பன் மோனாக்சைடு விடும் என்பது, சாம்பல் ஹாப்பரைத் திறக்குமுன் செய்ய வேண்டியவை. தொட்டிக்குள் இறங்கும் வேலை என்றால் உள்ளே ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கருவி வைத்து அளந்த பிறகே இறங்க வேண்டும், வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும், பர்மிட் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். பர்மிட் ஆங்கிலத்தில் இருந்தால் அதைத் தமிழிலும் இந்தியிலும் அச்சிடச் சொல்லிப் பாதுகாப்புக் குழுவில் தீர்மானம் போடுங்கள். இன்று நம் ஆலைகளில் பீகார், ஒடிசா இளைஞர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் புரியாத மொழியில் நடத்திய பாதுகாப்பு வகுப்பு நமக்கும் பாதுகாப்பு தராது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் அவர்களில் ஒருவர்தான்.

மூன்றாவது வகுப்பு சான்றிதழ் வழிகள். இதற்கு மேட்டூர் அணை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவரை அழையுங்கள். வருடக்கணக்கில் வயரிங் வேலை செய்தும் 'ஹெல்பர்' என்றே சம்பளம் வாங்கும் ஆட்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். வயது உச்சவரம்பு இல்லை. 'நாப்பத்தஞ்சு வயசாச்சுங்கண்ணா, இனிமே எனக்கென்ன பரீட்சை' என்று கேட்பவருக்கு இந்த ஒரு விவரம் போதும். பிட்டர், வெல்டர் வேலை பழகியவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழி உண்டு. பாய்லர் அருகே வேலை செய்தவர்களுக்குப் பாய்லர் அட்டெண்டன்ட் தகுதித் தேர்வு. அந்தச் சான்று இருந்தால் ஈரோட்டுச் சாயப்பட்டறை வரைக்கும் வேலை கிடைக்கும். இவை எல்லாவற்றுக்கும் அனுபவத்தை நிரூபிக்க வேண்டும். மேலே சொன்ன 56ஆவது பிரிவுச் சான்று, நியமனக் கடிதம், பிஎஃப் பாஸ்புக் மூன்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய காண்ட்ராக்டரிடம் சான்று வாங்கிவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் அவர் ஆபீஸே இருக்காது.

நான்காவது வகுப்பு அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் மேலே போக முடியாதவர்கள் இருந்தால் தனித்தேர்வுக்கு மாலை வகுப்பு. கேண்டீனிலும் துப்புரவிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் பெண்கள் இருந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் உள்ளகக் குழுவும். பெண்களுக்கான வகுப்பை மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டு 'யாரும் வரலை' என்று அறிக்கை எழுதாதீர்கள். அந்த நேரம் அடுப்பும் பிள்ளைகளும் அவர்களுக்காகக் காத்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலை நேரத்திலேயே, முக்கால் மணி நேரம் போதும்.

மற்ற இடங்களில் நடந்தது

இது புதிதாக யாரும் கண்டுபிடித்தது அல்ல. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டிவைத்துப் பேசிய பேச்சுகளே பாடங்களாக இருந்தன.

நான் அதிகம் யோசித்த உதாரணம் சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹரா. 1977இல் அங்கே இரும்புத் தாதுச் சுரங்கத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கர் குகா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் கட்டினார்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சந்தாப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார்கள். 1983இல் ஒரு மருத்துவமனையையே கட்டித் திறந்தார்கள். சுரங்கத்தை முழுமையாக இயந்திரமயமாக்கப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தபோது, அவர்கள் வெறுமனே எதிர்ப்பு மட்டும் சொல்லவில்லை. சுரங்க வேலையைத் தாங்களே அலசி, கைவேலையையும் இயந்திரத்தையும் இணைக்கும் பகுதி இயந்திரமயம் என்ற மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள் தொழில்நுட்பத்தைப் படித்து நிர்வாகத்தோடு வாதாடினார்கள். மேட்டூரில் நாளை எந்த அலகை மூடுவது, எதை நவீனமாக்குவது என்ற பேச்சு வரும்போது நமக்கும் அந்தப் படிப்பு வேண்டும்.

பிரிட்டனில் 2002ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், சங்கத்தின் 'கற்றல் பிரதிநிதி' என்ற பதவிக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அவர் சக தொழிலாளிகளின் படிப்புத் தேவையைக் கேட்டறியவும் ஏற்பாடு செய்யவும் சம்பளத்துடன் நேரம் உண்டு. அதன் பக்கபலமாக அரசு நிதியும் 1998 முதல் இருந்தது. 2021 மார்ச்சோடு இங்கிலாந்தில் அந்த நிதியை அரசு நிறுத்திவிட்டது. சட்டத்தில் கொடுத்த நேரம் தங்கியது, பணம் போய்விட்டது. அரசின் உதவியை வாங்குங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். படிப்புக்காகச் சம்பளத்துடன் விடுப்பு என்ற கோட்பாட்டைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே 140ஆவது உடன்படிக்கையாக வகுத்தது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நாடு கொடுக்காததை ஆலை அளவில் ஒப்பந்தம் போட்டு வாங்கத் தடையேதும் இல்லை.

ஜாக்கிரதை

பயிற்சி என்ற பெயரில் மலிவான உழைப்பு நுழைவதைப் பாருங்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் பயிற்றுநரே இல்லாமல் அவர்களை நேராக உற்பத்தியில் நிறுத்தினால் அது பயிற்சி ஆகாது. அப்ரண்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அவர்களுக்கு ஓவர்டைம் கொடுக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. அந்தப் பையன்கள் உங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள்.

ஒரே ஆலையில் ஐந்தாறு சங்கங்கள் இருப்பது நம் ஊர் நடைமுறை. வகுப்பில் கொடி வேறுபாடு பார்க்காதீர்கள். தொமுச, சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி, அண்ணா தொழிற்சங்கப் பேரவை, பிஎம்எஸ் யார் உறுப்பினராக இருந்தாலும் உட்காரட்டும். பர்மிட் தாளைப் படிக்கத் தெரியாத ஒருவரால் வரும் விபத்து மற்ற சங்கத்து ஆளையும் சேர்த்துத்தான் அடிக்கும். முடிந்தால் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரே கல்விக் குழுவாக நிர்வாகத்திடம் போங்கள். சம்பளத்தில் ஒன்றுபடாத சங்கங்கள்கூட இதில் ஒன்றுபடும் என்று நான் நம்புகிறேன்.

வருகைப் பதிவேட்டின் நகலைச் சங்கமும் வைத்திருக்கட்டும். நடக்காத வகுப்புக்கு நிர்வாகம் கையெழுத்து வாங்குவது சில இடங்களில் வழக்கம். வகுப்பில் உட்காராமல் யாரும் கையெழுத்திடக் கூடாது என்று வாயிற்கூட்டத்திலேயே சொல்லுங்கள். பிறகு விபத்து நடந்தால், 'பயிற்சி கொடுத்தோம், இதோ கையெழுத்து' என்று காட்டுவார்கள்.

இந்த மாதக் கிளைக் கூட்டத்திலேயே இரண்டு பேரைக் கல்விப் பொறுப்பாளர்களாகத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஒருவராவது ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கட்டும். தேர்ந்தெடுத்த மறுநாளே தொழிலாளர் கல்வி வாரியத்தின் மண்டல இயக்குநருக்கும் உங்கள் ஆலையின் பாதுகாப்புக் குழுத் தலைவருக்கும் இரண்டு கடிதங்களை அனுப்பி, ஒப்புகைச் சீட்டைக் கோப்பில் வையுங்கள்.